இந்த ராத்திரி தாண்டினால் போதும்

"நல்ல மனநல மருத்துவர் யாராவது தெரியுமா?" இந்தக் கேள்வி எனக்குப் பெரும்பாலும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் வருகிறது. என் தம்பிக்கு பைபோலார், அதாவது இருமுனைக் கோளாறு இருப்பது தெரிந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். அவன் அதை மறைப்பதில்லை, என்னையும் மறைக்கச் சொன்னதில்லை. அதனால் யார் வீட்டில் என்ன நடந்தாலும் "அவங்களைக் கேட்டுப் பாருங்க" என்று என் எண் கைமாறிவிடுகிறது. நான் டாக்டர் இல்லை, கவுன்சலிங் படித்தவளும் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் கேட்கிற குரலை வைத்து ஒன்று சொல்லிவிட முடியும். இவர்கள் தேடுவது தப்பான ஆளை. ராத்திரி பதினொரு மணிக்கு நல்ல மருத்துவரால் ஆவது ஒன்றுமில்லை. எது திறந்திருக்கிறது, யார் போனை எடுப்பார்கள் என்பதுதான் அப்போது கேட்க வேண்டிய கேள்வி.

நல்ல மருத்துவரைத் தேடுவது பகல் வேலை. நாலு பேரிடம் விசாரித்து, அப்பாயின்ட்மென்ட் வாங்கி, ஒத்துவராவிட்டால் ஆளை மாற்றி, நிதானமாகச் செய்ய வேண்டியது. ராத்திரி வேலை வேறு. விடியும்வரை அந்த ஆள் உயிரோடும் பத்திரமாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நோயைக் குணப்படுத்துவது, புருஷன் பெண்டாட்டி தகராறைத் தீர்ப்பது, போன வேலையைப் பற்றி யோசனை சொல்வது எதுவும் அந்த ராத்திரிக்கு வேண்டாம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. "அப்போ பிரச்சினை அப்படியேதானே இருக்கும்?" என்பார்கள். இருக்கும். ஆளும் இருப்பார்.

இந்தக் கணக்கு வெறும் ஆறுதல் இல்லை. ரிச்சர்ட் சைடன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1978-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 1937 முதல் 1971 வரை, உயிரை விடப் போன இடத்தில் கடைசி நேரத்தில் தடுத்து அழைத்துவரப்பட்ட 515 பேர் அதன்பிறகு என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்தார். இன்றைக்குத் தடுத்தால் நாளைக்கு வேறு வழியில் போய்விடுவார்கள் என்பதுதான் ஊரெல்லாம் இருந்த நம்பிக்கை. இன்னும் பலருக்கு இருக்கிறது. அவர் பார்த்தபோது ஏறக்குறைய 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், அல்லது வயதாகியோ வேறு நோயிலோ இயற்கையாக இறந்திருந்தார்கள். அந்தத் தீவிரம் நிலையாக நிற்பதில்லை. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். உச்சியில் இருக்கும்போது கூட ஒருவர் இருந்தாரா, ஆபத்தானது கைக்கெட்டியதா என்பதில் ஓர் உயிரே தங்கியிருக்கலாம்.

சரி, எது அவசரம்? வருத்தமாக இருப்பது, அழுவது, நாலு நாள் யாரிடமும் பேசாமல் இருப்பது எல்லாம் கவனிக்க வேண்டியவைதான். ஆனால் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியவை அல்ல. சாவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது, எப்படி என்று யோசித்து வைத்திருப்பது, பொருள்களை எல்லாம் பிரித்துக் கொடுத்து எல்லாரிடமும் விடைபெறுகிற மாதிரி பேசுவது, தன்னையோ பிறரையோ ஏற்கெனவே காயப்படுத்தியிருப்பது, யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று நிச்சயமாக நம்புவது, இல்லாத குரல் கட்டளை போடுவது, தூக்கமே இல்லாமல் நாள் கணக்கில் ஓடிக்கொண்டே இருப்பது, சாப்பிடாமல் தண்ணீர்கூடக் குடிக்காமல் அசையாது உட்கார்ந்திருப்பது: இவை அன்றைக்கே பார்க்க வேண்டியவை. ரொம்ப நாள் தவித்துக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று அமைதியாகிவிட்டால் "அப்பாடா" என்று எல்லாரும் தூங்கப் போய்விடுகிறோம். காரணம் தெரியாத அந்த அமைதியையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். முடிவெடுத்துவிட்ட நிம்மதியாகவும் அது இருக்கலாம்.

இன்னொன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். பார்ப்பதற்கு மனநோய் போலவே இருந்து, உள்ளே உடம்பு பிரச்சினையாக இருக்கும். வயதானவர் ஒருவர் நேற்றுவரை நன்றாக இருந்து, இன்று திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் உளறினால் அது சிறுநீர்த் தொற்றாகவோ, சோடியம் குறைந்ததாகவோ, சர்க்கரை இறங்கியதாகவோ இருக்கலாம். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, மனப்பிரமை என்று வரலாம். அதில் உயிரே போகும், எனவே அதை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. குழந்தை பெற்ற முதல் இரண்டு வாரத்தில் ஒரு தாய் தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பற்றி விசித்திரமாக எதையாவது நம்ப ஆரம்பித்தால், ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு வருகிற, பிரசவத்துக்குப் பிந்தைய கடும் மனநோயாக அது இருக்கலாம். அதுவும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். நன்றாகக் குணமாகக்கூடியது என்பதால் தாமதிப்பது இன்னும் அநியாயம். என் தம்பி சாப்பிடுவது லித்தியம். இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் அது மருந்து, 1.5-ஐத் தாண்டினால் விஷமாகத் தொடங்கும். வாந்தி பேதியில் உடம்பு வறண்டாலே அளவு ஏறிவிடும். கை நடுங்கி, நாக்கு குழறி, தள்ளாடினால் "மறுபடி ஆரம்பிச்சிட்டான்" என்று நினைக்காமல் இரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டும். மனநல நெருக்கடிக்கு முதலில் பொது ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேட்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்கிறோம்: "தப்பா எதுவும் யோசிக்கலையே?" இந்தக் கேள்விக்குள்ளேயே "இல்லை" என்ற பதிலை வைத்துத்தான் நீட்டுகிறோம். எதிரில் இருப்பவரும் நம்மைக் காப்பாற்றுவதற்காக அதையே எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயம். ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது, கேட்பதால் எண்ணம் வருவதில்லை என்பதுதான். பலருக்குப் பாரம் குறைகிறது. அவசரப் பிரிவுகளில் பயன்படுத்தும் கொலம்பியா கேள்விப் பட்டியலும் இப்படித்தான் படிப்படியாகப் போகிறது: செத்துப் போனால் தேவலை என்று தோன்றுகிறதா, உயிரை விட யோசித்தீர்களா, எப்படி என்று யோசித்தீர்களா, செய்துவிடும் எண்ணம் இருக்கிறதா, ஏதாவது தயார் செய்தீர்களா. ஒவ்வொரு படியும் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது.

நான் தம்பியிடம் கேட்டபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். முகத்தைப் பார்க்காமல், கையில் வேலை இருந்தது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. "உயிரை விட்டுடலாம்னு தோணுதாடா?" என்றேன். குழாயை மூடிவிட்டு, "ஆமாக்கா" என்றான். "இன்னிக்கா?" என்றேன். "தெரியலக்கா. இன்னிக்கு ராத்திரிதான் பயமா இருக்கு." பயமாக இருக்கிறது என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவனுக்கும் தப்பிக்க வேண்டும் என்று இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். அந்த இடத்தில் "உனக்கென்னடா குறை" என்றோ, "அம்மாவை நினைச்சியா" என்றோ ஆரம்பித்தால் கதவு சாத்திக்கொள்ளும். அம்மாவை அவன் நினைக்காமலா இருப்பான்? தான் இல்லாவிட்டால் அம்மாவுக்கு நிம்மதி என்று அந்த நோய் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அடுத்து, ஆபத்தானதைத் தூரப்படுத்துவது. இதைச் சின்ன விஷயமாக நினைப்பவர்களுக்கு இலங்கையைக் காட்டலாம். 1995-ல் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 பேர், உலகத்திலேயே உச்சத்தில் இருந்த நாடுகளில் ஒன்று. கொடிய நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டே வந்தார்கள். அடுத்த இருபது ஆண்டில் தற்கொலைகள் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தன. 93,000 உயிர்கள் தப்பியிருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அந்த இருபது ஆண்டும் போர், சுனாமி என்று சோதனைக்குக் குறைவில்லாத காலம். மனிதர்களின் துக்கம் குறையவில்லை, கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்த ஆபத்து குறைந்தது. ஒரு வீட்டுக்கும் அதே கணக்குதான். மாத்திரைகளும் மற்ற ஆபத்தானவையும் அன்றைக்கு ராத்திரி வேறு வீட்டுக்குப் போக வேண்டும், அல்லது பூட்டில் இருக்க வேண்டும். திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டாம். "கொஞ்ச நாளைக்கு இதெல்லாம் என்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டே செய்யலாம். பெரும்பாலும் எதிர்ப்பு வராது.

இப்போது யாரைக் கூப்பிடுவது. ஏற்கெனவே எதையாவது விழுங்கியிருந்தாலோ, காயம்பட்டிருந்தாலோ, பக்கத்தில் ஆபத்தான பொருளோடு இருந்தாலோ உதவி எண் வேண்டாம், நேராக ஆம்புலன்ஸ். "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொன்னாலும் போக வேண்டும். சில விஷங்கள் வேலையைக் காட்ட ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அந்த நிலை இல்லை, ஆனால் ஆள் கரைந்துகொண்டிருக்கிறார் என்றால் உதவி எண். இந்தியாவில் 14416, டெலி மனஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா, 044-24640050. இலங்கையில் 1926. சிங்கப்பூரில் 1767. மலேசியாவில் பிஃப்ரெண்டர்ஸ், 03-7627 2929. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 116 123. அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. ஆஸ்திரேலியாவில் 13 11 14. இதில் உங்கள் ஊருக்கு உரியதை இப்போதே போனில் சேமித்து வையுங்கள். நெருக்கடியில் கை நடுங்கும்போது தேடினால் பழைய எண்ணும் செத்த எண்ணும்தான் முதலில் வந்து நிற்கும்.

உதவி எண்ணில் என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பலர் கூப்பிடுவதில்லை. போலீஸ் வந்து நிற்கும் என்று பயம். அமெரிக்காவின் 988-க்கு வரும் தொடர்புகளில் அவசர சேவையை அனுப்ப வேண்டி வருவது 2 சதவீதத்துக்கும் கீழே. மற்றதெல்லாம் பேச்சிலேயே முடிகிறது. முதலில் "இப்போ பத்திரமா இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். அப்புறம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த ஏற்பாட்டுக்கு வயது எழுபதுக்கு மேல். 1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். ஆலோசனை சொல்ல அவர் உள்ளே உட்கார்ந்திருக்க, வெளியே காத்திருந்தவர்களோடு தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்களாம். பலருக்கு அந்தப் பேச்சே போதுமானதாக இருந்தது, உள்ளே வராமலே போய்விட்டார்கள். அதைப் பார்த்து அவர் வேலையையே அந்தத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். அதுதான் சமாரிட்டன்ஸ் என்ற உதவி எண் அமைப்பு.

பாதிக்கப்பட்டவர்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை. பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டு "என் தம்பி இப்படி இருக்கான், நான் என்ன செய்யணும்?" என்று கேட்கலாம். முதல் எண் பிஸி என்று வந்தால் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தவிப்பில் இருப்பவருக்கு அந்த பிஸி டோன் "உனக்கு யாருமில்லை" என்று கேட்கும். அதனால் கூட இருப்பவர் டயல் செய்து, ஆள் கிடைத்ததும் கொடுப்பது நல்லது. ஆம்புலன்ஸுக்குப் பேசும்போது முதல் வாக்கியத்திலேயே "இது மனநல அவசரம்" என்று சொல்லிவிடுங்கள். அவர் கையில் ஆயுதம் எதுவும் இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். பயந்துபோயிருக்கிறார், சத்தம் போட்டால் இன்னும் மிரளுவார் என்பதையும் சொல்லுங்கள். வருகிறவர்கள் எந்த மனநிலையோடு படியேறுகிறார்கள் என்பதில் நிறைய இருக்கிறது.

அவசரப் பிரிவைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. அங்கே முதல் மேசையில் நடப்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் நர்ஸுக்கு உங்கள் மேல் வெறுப்பு இல்லை. யாரை முதலில் உள்ளே அனுப்ப வேண்டும் என்று பிரிக்கிற வேலை அவருடையது. இரத்தம் வழிந்தால் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. "என்ன பிரச்சினை?" என்று கேட்டதும் என் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, "தூக்கம் வரல சிஸ்டர், கொஞ்சம் படபடப்பா இருக்கு" என்றான். ஆபீஸில் லீவு கேட்கிற குரல். அவர் "தூக்கமின்மை" என்று எழுதிவிட்டு வரிசையைக் காட்டினார். நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன்: "சிஸ்டர், இவன் நாள் கணக்கா தூங்கல. உயிரை விடணும்னு சொல்றான். எப்படின்னும் யோசிச்சு வச்சிருக்கான். வீட்டுல வச்சுப் பாத்துக்க எங்களால முடியாது." அவர் பேனாவை வைத்துவிட்டு முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். நம் ஆட்களுக்கு அது வாயில் வராது. "பாத்துக்கறோம்" என்றுதான் பழக்கம். டாக்டர் "வீட்டில் கவனமாப் பாத்துக்குவீங்களா?" என்று கேட்டால், கௌரவம் கருதித் தலையாட்டிவிட்டு வெளியே வந்து கையைப் பிசைகிறோம். பார்த்துக்கொள்ள முடியும் என்றால் சொல்லுங்கள். முடியாது என்றால், எதனால் முடியாது என்று சொல்லுங்கள்: ராத்திரி விழித்திருக்க ஆளில்லை, போன தடவை கையை உதறிக்கொண்டு ஓடினான், நான் தனியாள். டாக்டர் முடிவெடுப்பது இந்தத் தகவலை வைத்துத்தான்.

அப்புறம் காத்திருப்பு. மணிக்கணக்கில் இருக்கும், அதற்குத் தயாராகப் போக வேண்டும். சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயரும் அளவும், பழைய மருந்துச் சீட்டுகள், ஒவ்வாமை விவரம், போன் சார்ஜர், தண்ணீர், மேலே போர்த்திக்கொள்ள ஒன்று. சில இடங்களில் பையைப் பார்த்துச் சிலவற்றை எடுத்து வைத்துக்கொள்வார்கள். சந்தேகப்பட்டு இல்லை, அது பாதுகாப்புக்கான வழக்கம். இரத்தம் எடுப்பார்கள், ஈசிஜி பார்ப்பார்கள். பைத்தியத்துக்கு எதற்கு ஈசிஜி என்று பக்கத்துப் படுக்கைக்காரர் ஒருவர் முணுமுணுத்தார். மேலே சொன்ன உடம்புக் காரணங்களை ஒதுக்கத்தான். ஒரே கேள்வியை நர்ஸ், டியூட்டி டாக்டர், கடைசியில் மனநல மருத்துவர் என்று ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்பார்கள். "எத்தனை தடவைக்கா சொல்றது?" என்று தம்பி சலித்துக்கொண்டான். முதல் ஆளிடம் பாதி சொன்னவன் மூன்றாவது ஆளிடம்தான் முழுசாகச் சொன்னான் என்பதையும் நான் கவனித்தேன். டாக்டர் நம்மை வெளியே அனுப்பிவிட்டு நோயாளியோடு தனியாகப் பேசுவார், போய்விட வேண்டும். நாமும் டாக்டரிடம் தனியாக ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நோயாளியின் ரகசியத்தை அவர் நம்மிடம் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் நாம் சொல்வதைக் கேட்டுக்கொள்ள அவருக்குத் தடை கிடையாது.

வர மறுக்கிறவர்களைப் பற்றிக் கேட்கிறார்கள். இது கஷ்டமான கேள்வி, சுலபமான பதில் என்னிடம் இல்லை. யாரோ துரத்துகிறார்கள் என்று நம்புகிறவரிடம் "அப்படியெல்லாம் யாருமில்லை" என்று வாதாடி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. ஆமாம் போட்டாலும் தப்பு. "எனக்கு அது தெரியல, ஆனா நீ எவ்வளவு பயந்திருக்கேன்னு தெரியுது, தூங்காம உடம்பு போயிடுச்சு, அதுக்காவது டாக்டரைப் பாப்போம்" என்பது சில நேரம் வேலை செய்கிறது. தூக்கம் என்பது எல்லாருக்கும் பொதுவான குறை, அதற்கு மருந்து கேட்க யாருக்கும் வெட்கமில்லை. ஒருவர் மட்டும் பேச வேண்டும், சுற்றி நின்று எட்டுப் பேர் பேசக் கூடாது. வாசலை மறித்து நிற்கக் கூடாது. கல்யாணத்துக்குப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போவதை மட்டும் செய்யாதீர்கள். அந்த ஒரு தடவை நடக்கும், அடுத்த தடவை உங்களோடு காரில் ஏற மாட்டார்.

எதற்கும் ஒத்துக்கொள்ளாமல் ஆபத்தும் முற்றினால் சட்டம் வழி வைத்திருக்கிறது. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி, உயிருக்கு ஆபத்தான நிலையில் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம், மனநல மருத்துவராகவே இருக்க வேண்டியதில்லை. குடும்பங்களைத் தயங்க வைக்கும் இன்னொரு பயம் "கேஸ் ஆகிடும்" என்பது. அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு, வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை, உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2018 மே மாதத்திலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. இலங்கை 1998-லேயே அதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, சிங்கப்பூர் 2020-ல், மலேசியா 2023-ல். இந்த ஒரு தகவல் தெரியாமல் "வயித்து வலி" என்று பொய் சொல்லிச் சேர்த்து, டாக்டருக்கே சரியான விவரம் தராமல் விட்ட குடும்பங்கள் எத்தனையோ.

வீட்டுக்கு அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று ஓர் எண்ணம். டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள்தான் ரொம்ப ஆபத்தானவை. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் மூன்று பதில்களை வாங்கிக்கொள்ளுங்கள்: அடுத்து யாரை, எந்தத் தேதியில் பார்ப்பது, அதற்குள் மோசமானால் ராத்திரியில் எங்கே வருவது, எந்த மாத்திரையை யார் கையில் வைத்திருப்பது. "ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றால் ஒரு வாரத்துக்குள் யாராவது பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அங்கேயே உட்கார்ந்து ஒரு காகிதத்தில் பாதுகாப்புத் திட்டம் எழுத உதவச் சொல்லுங்கள். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இருவர் உருவாக்கியது அது. ஆரம்ப அறிகுறிகள், தானாகவே செய்துகொள்ளக்கூடியவை, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவரும் உதவி எண்ணும், கடைசியாக ஆபத்தானதை எப்படித் தூரம் வைப்பது. அமெரிக்காவில் 9 ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகளை எடுத்துக்கொண்டு, ஐந்தில் இந்தக் காகிதத்தையும் பின்னால் சில போன் அழைப்புகளையும் சேர்த்துக் கொடுத்து, நான்கில் வழக்கமான கவனிப்பு மட்டும் தந்து பார்த்தார்கள். 2018-ல் வந்த முடிவின்படி, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இவர்களிடம் அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை முயற்சி போன்றவை 45 சதவீதம் குறைவு.

என் தம்பியின் காகிதத்தில் முதல் வரி: "ராத்திரி ரெண்டு மணிக்குப் புது பிசினஸ் ஐடியா வந்தால் அக்காவைக் கூப்பிடு, பேங்க்கைக் கூப்பிடாதே." டாக்டர் சிரித்துவிட்டு, இதைவிட நல்ல அறிகுறி விவரம் தன்னால் எழுத முடியாது என்றார். அறிகுறி அவரவருடையதாக இருக்க வேண்டும். "மனச்சோர்வு" என்று பொதுவாக எழுதினால் அது எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் போன் அழைப்புகளை லேசாக நினைக்க வேண்டாம். சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து ஊர்களில், உயிரை விட முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை வைத்து உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தி 2008-ல் வெளியிட்டது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடலும், பதினெட்டு மாத காலத்தில் அவ்வப்போது ஒரு விசாரிப்பும், "எப்படி இருக்கீங்க?" என்று. முதல் பிரிவில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையில் இறந்தார்கள், இரண்டாவதில் 0.2 சதவீதம். இதற்குப் பெரிய மெஷினோ, விலை உயர்ந்த மருந்தோ தேவைப்படவில்லை. ஆகவே பார்க்க வரும் சொந்தக்காரர்கள் முதல் வாரத்தில் கூட்டமாக வந்து குவிவதைவிட, ஆளுக்கொரு வாரமாகப் பிரித்துக்கொண்டு ஒரு வருஷம் விசாரித்தால் நல்லது. கூட இருப்பவரும் முறை வைத்துத் தூங்க வேண்டும். விழித்து விழித்து நிதானம் இழந்த காவலால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

இதுவரை பக்கத்தில் ஒருவர் இருப்பதாக வைத்தே எழுதிவிட்டேன். யாரும் இல்லாமல் நீங்களே அந்த நிலையில் இதைப் படித்துக்கொண்டிருந்தால், மேலே உள்ளதெல்லாம் இருக்கட்டும். இப்போது இருக்கும் அறையை விட்டு வெளியே வாருங்கள், ஆபத்தான எதுவும் இல்லாத இடத்துக்கு, முடிந்தால் நாலு பேர் இருக்கிற இடத்துக்கு. குடித்திருந்தால் அத்தோடு நிறுத்துங்கள். உங்கள் நாட்டு உதவி எண்ணை அழுத்துங்கள். என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம், "எனக்கு உயிரை விடணும்னு தோணுது, தனியா இருக்கேன்" என்ற ஒரு வரி போதும், மற்றதை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஏற்கெனவே எதையாவது செய்துவிட்டிருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு வாசல் கதவின் தாழ்ப்பாளைத் திறந்து வையுங்கள். பேச்சு வரவில்லை என்றால் தெரிந்தவர் ஒருவருக்கு இதை அப்படியே அனுப்புங்கள்: "எனக்கு முடியல. தனியா இருக்க பயமா இருக்கு. உடனே கூப்பிடு, இல்லன்னா நேர்ல வா." அவர் பதில் போடுகிறாரா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், தூங்கியிருப்பார். அதையே இன்னும் மூன்று பேருக்கு அனுப்பிவிட்டு உதவி எண்ணுக்கு டயல் செய்யுங்கள்.